யந்திரத்தின் மேல் பழி ஏன்?

யந்திரம் பெருகினால் மனிதன் சந்தோஷத்தை இழப்பான் என்பதாகப் பழமைப் பண்டிதர்கள் சொல்லி, அதற்குச் சாட்சியாகக் கதைப் புத்தகங்களை நீட்டுகிறார்கள். அவற்றைப் படித்தார்களா என்பதே நமது கேள்வி.

1932இல் ஆல்டஸ் ஹக்ஸ்லி ஆங்கிலத்தில் வெளியிட்ட நாவலில், துக்கம் தலைகாட்டினால் ஜனங்கள் ஒரு மாத்திரையை விழுங்கிச் சிரிக்கிறார்கள். அதன் பெயர் சோமா! வேதத்துச் சோமபானத்தின் பெயரேதான்.

தமிழில் 1980களில் சுஜாதா எழுதிய ‘என் இனிய இயந்திரா’வில் பிள்ளை பெறவும் சர்க்கார் அனுமதி வேண்டும்; ஆயுளுக்கும் சர்க்காரே கணக்கு வைக்கிறது. அப்படியிருந்தும் ஜனங்கள் மனத்துக்கத்தை மறைத்துக்கொண்டு ஜீவா என்கிற தலைவனை வாழ்த்தியாக வேண்டும். அந்த ஜீவாவோ ஆளே அல்ல. வெளிச்சத்தால் காட்டப்பட்ட வெறும் பிம்பம்! ஆட்டி வைத்தவர்கள் வேறு. தோழர்களே, கோயிலும் பூசாரியும் நினைவுக்கு வரவில்லையா? அக்கதையில் புத்தகம் படித்து யோசிப்பது ஜீனோ என்னும் யந்திர நாய். நம் பண்டிதர்களுக்கு அந்த யோக்கியதையும் இல்லை.

ஆகவே, அங்கே ஜனங்களின் வாயை அடைத்தது யந்திரமல்ல, ஏனென்று கேட்கக்கூடாது என்ற கட்டளையே. சந்தேகமிருப்பவர்கள், தலைவிதி என்று வாய்மூடிக் குடம் சுமந்து இடுப்பொடிந்த ஆவூர்ப் பெண்களிடம் போய், மோட்டாரும் குழாயும் வந்ததால் துக்கமா என்று கேட்டுவிட்டு வரட்டும்.