விருந்தோம்பல்: அறமும் தொழிலும்

திருக்குறளின் 9ஆம் அதிகாரம் விருந்தோம்பலை இல்வாழ்வின் கடமையாகப் போற்றுகிறது. வந்தவரை முகமலர்ந்து வரவேற்று உணவளிப்பதைப் பெருமையாகக் கருதும் சமூகம், அதே பணியை ஊதியம் பெற்றுச் செய்பவரைத் தாழ்வாக நோக்குவது முரணன்றோ? விடுதி மேலாண்மை பயில விரும்பும் பிள்ளையிடம், “இலை எடுக்கவா இவ்வளவு படித்தாய்?” என்று கேட்கும் வீடுகள் இன்றும் உள்ளன. தொழிலின் தன்மையை அறியாமையே இக்கேள்விக்குக் காரணம்.

வீட்டு விருந்தில் சோறு சற்றுக் குழைந்தாலும் உறவினர் பொறுத்துக்கொள்வர். ஆயிரம் பேர் உண்ணும் கூடத்தில் சிறு பிழையும் பெருந்தீங்காக முடியலாம். சமைத்த உணவை 60 பாகை செல்சியசுக்கு மேல் சூடாகவோ 5 பாகைக்குக் கீழ்க் குளிராகவோ வைத்தல் வேண்டும். இடைப்பட்ட வெப்பநிலையில் நோய்க்கிருமிகள் விரைந்து பெருகும். இதனை அறிந்தவரே பிறர்க்கு உணவளிக்கும் பொறுப்பை ஏற்கத் தகுந்தவர். இத்துறையில் இன்சொல் எவ்வளவு இன்றியமையாததோ, அறிவியலறிவும் அவ்வளவு இன்றியமையாதது.

நிகழ்ச்சி மேலாண்மையில் இப்பொறுப்பு இன்னும் பெரிது. மேடை அலங்காரமும் ஒளிவிளக்கும் மட்டுமே இப்பணி என்று பலர் எண்ணுகின்றனர். 2004 சனவரியில் திருவரங்கத்துத் திருமண மண்டபம் ஒன்றில் பற்றிய தீ, மணமகன் உட்பட 50க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. கூடத்தில் எத்தனை பேரை அமர்த்தலாம், வெளியேறும் வழிகள் தடையின்றி உள்ளனவா, மின்கம்பிகள் சுமையைத் தாங்குமா, பந்தல் எளிதில் தீப்பற்றுமா என ஆராய்வதே நிகழ்ச்சி மேலாளரின் முதற்கடமை. விருந்தினர் கண்ணில் படாத இக்கவனமே அவர்களை நலமாக வீடு சேர்க்கிறது.

திட்டமிடலின் ஆற்றலுக்கு 2022இல் மாமல்லபுரத்தில் நடைபெற்ற 44ஆவது சதுரங்க ஒலிம்பியாடு சான்றாகும். உருசியாவில் நடைபெறவிருந்த அப்போட்டி, அவ்வாண்டு தமிழ்நாட்டிற்கு மாற்றப்பட்டது. சில திங்களிலேயே ஏற்பாடுகளை முடித்தாக வேண்டியிருந்தது. 180க்கும் மேற்பட்ட நாடுகளின் வீரர்களுக்குத் தங்குமிடம், உணவு, போக்குவரத்து ஆகியவை ஒருங்கிணைக்கப்பட்டன. ஆட்டக்காரர் கவலையின்றிக் காய் நகர்த்த, பெயர் அறியப்படாத பல்லோர் உழைத்தனர்.

மேனிலைக் கல்வியில் எப்பாடப்பிரிவைப் பயின்றவரும் இத்துறையில் நுழைய இயலும். சென்னைத் தரமணியிலும் திருச்சிராப்பள்ளியை அடுத்த துவாக்குடியிலும் இதற்கெனவே அரசுக் கல்வி நிறுவனங்கள் உள்ளன. வரவேற்பு, அறைப் பராமரிப்பு, சமையல், பரிமாறல் என்னும் நான்கும் அங்குக் கற்பிக்கப்படும் அடிப்படைப் பிரிவுகள். மேலாளர் ஆக விழைபவரும் படுக்கை விரிக்கவும் பாத்திரம் துலக்கவும் பழகுகிறார். இப்பயிற்சியை இழிவெனக் கருதுபவர் இத்துறையில் நிலைத்தல் அரிது. ஓர் அறையைத் தூய்மை செய்ய எவ்வளவு நேரம் ஆகும் என்பதைத் தம் கையால் அறிந்தவரே, பிறரிடம் நியாயமான அளவு வேலை வாங்குவார்.

ஆயினும், கடைநிலையிலிருந்து தொடங்க வேண்டும் என்பதைச் சுரண்டலுக்கு உரிமமாகக் கொள்ளலாகாது. ஊரார் பண்டிகை கொண்டாடும் நாளில் இவர்கள் பணியில் இருக்கின்றனர். நள்ளிரவிலும் நின்றுகொண்டே உழைக்கின்றனர். ‘அனுபவம் கிடைக்கிறதே’ என்று சொல்லிப் பயிற்சியாளரின் ஊதியத்தைக் குறைப்பதும், ஓய்வின்றி வேலை வாங்குவதும் அறமாகா. விருந்தினர்க்கு இன்முகம் காட்டுமாறு பணிக்கும் நிறுவனம், அம்முகம் வாடாமல் காக்கவும் கடமைப்பட்டது.

எனவே, இத்துறையைத் தேர்ந்தெடுக்கும் மாணவர் பளபளக்கும் கூடத்தை மட்டும் கண்டு மயங்காமல், அதன் பின்னுள்ள சமையற்கூடத்தையும் பார்த்து முடிவெடுத்தல் வேண்டும். பெற்றோர் அம்முடிவை மதித்தல் வேண்டும். உணவு அருந்தி எழுபவர், பரிமாறியவரை நோக்கி ஒரு நன்றிச் சொல் கூறுதல் வேண்டும். விருந்தோம்பலைப் போற்றும் சமூகம், விருந்தோம்புவாரையும் போற்றுவதே முறை.