வாய்க்கு கரண்ட் வைக்கலாமா?

நம் வயதுக்காரர்கள் பலர் வாய் உலர்ந்துபோவதை ஒரு வியாதியாகவே நினைப்பதில்லை. தலைமாட்டில் ஒரு சொம்பு தண்ணீர் வைத்துக்கொண்டு படுப்பார்கள். ராத்திரி நாலு தடவை எழுந்து குடிப்பார்கள், குடித்ததற்காக நாலு தடவை பாத்ரூம் போவார்கள். டாக்டரிடம் சர்க்கரை, பிரஷர், முழங்கால் எல்லாவற்றையும் சொல்லி முடித்தபின் இது மட்டும் மறந்துவிடும்.

ஆரோக்கியமான மனிதருக்கு ஒரு நாளில் அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை எச்சில் சுரக்கிறது. காதுக்கு முன்னால், தாடைக்கு அடியில், நாக்குக்கு அடியில் என்று இரண்டு பக்கமும் சுரப்பிகள். அது குறைந்தால் தோசை தொண்டையில் இறங்காது, பல்செட் ஒட்டாது, துளி காரம் பட்டாலும் நாக்கு எரியும், மீதமிருக்கும் பல்லும் வேகமாகச் சொத்தையாகும்.

நம்மில் பெரும்பாலோருக்குக் காரணம் மாத்திரை டப்பாவில்தான் இருக்கிறது. நீர் பிரிய, அலர்ஜிக்கு, மனச்சோர்வுக்கு, சிறுநீர்ப்பைக்கு என்று நாம் விழுங்குவதில் பல, வாயை உலர்த்துபவை. நாமாக நிறுத்தக் கூடாது. ஆனால் டப்பாவோடு டாக்டரிடம் போய்க் கேட்கலாம். புற்றுநோய்க்காகக் கழுத்தில் ரேடியேஷன் எடுத்தவர்கள் கதையும், ஷோக்ரன் நோய்க்காரர்கள் கதையும் வேறு. அங்கே சுரப்பியே அடிபட்டிருக்கும்.

என் மைத்துனர் முதல் வகை. ரேடியேஷன் முடிந்து இரண்டு வருஷமாக ரசம் சாதம்தான். கல்யாண வீடுகளுக்கே போவதில்லை. அவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கரண்ட் மெஷின் விளம்பரம் வந்தது. நான் மின்சாரத் துறையில் வேலை பார்த்தவன் என்பதால், கரண்ட் என்று வந்தால் எங்கள் குடும்பத்தில் எல்லாம் என் இலாகா. "அத்தான், வாங்கலாமா?" என்று கேட்டார்.

விஷயம் புரளி இல்லை. எச்சில் சுரக்க உத்தரவு நரம்பு வழியாகத்தான் போகிறது; நரம்பின் பாஷையோ மின்சாரம். சுரப்பியில் கொஞ்சமாவது உயிர் மிச்சமிருந்தால், மெல்லிய மின்துடிப்பால் அந்த நரம்பைத் தூண்டலாம் என்பது யோசனை. 1980களிலேயே நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவே வைக்கும் கருவி வந்துவிட்டது. பிறகு கீழ்ப்பல் வரிசையில் மாட்டிக்கொள்ளும் ஒன்று வந்தது. கடைவாய்ப்பல் ஓரமாக ஓடும் நாக்கு நரம்பைத் தூண்டும்.

ஆனால் இதைச் சோதிப்பதில் ஒரு சிக்கல். வாயில் எதைப் போட்டாலும் எச்சில் ஊறும். புளியங்கொட்டையைப் போட்டு உருட்டினாலும் ஊறும். அப்படியானால் ஊறியது கரண்டாலா, கருவி வாயில் கிடந்ததாலா? இதைப் பிரிக்க ஒரே வழி, அதே கருவியைக் கரண்ட் இல்லாமலும் கொடுத்துப் பார்ப்பது. கொடுப்பவருக்கும் போடுபவருக்கும் எது எது என்று தெரியக் கூடாது.

அந்தப் பல்கருவியை அப்படியே சோதித்தார்கள். பல மையங்களில் 114 பேர். 2011ல் முடிவு வெளியானது. டம்மியைவிட நிஜக் கருவியில் வறட்சி குறைந்ததாக நோயாளிகள் சொன்னார்கள். நல்ல செய்திதான். ஆனால் 2013ல் எல்லாச் சோதனைகளையும் சேர்த்து அலசிய காக்ரேன் ஆய்வு, மின்தூண்டல் பற்றி முடிவு சொல்ல ஆதாரம் போதாது என்றது. ரேடியேஷன் எடுத்தவர்களுக்காக அமெரிக்காவிலும் கனடாவிலும் இன்னொரு சோதனை நடந்தது. அக்குபங்சர் புள்ளிகளில் ஊசிக்குப் பதில் தோலின் மேல் மின்தூண்டல், 12 வாரத்தில் 24 தடவை. எதிரே பைலோகார்பைன் மாத்திரை. கரண்ட் மாத்திரைக்குக் குறைவில்லாமல் உதவியது, பக்கவிளைவும் குறைவு. அந்த மாத்திரை வியர்த்துக் கொட்ட வைக்கும், ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. ஆனால் அந்தச் சோதனையில் டம்மி இல்லை. என் மனதில் அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

இங்கேயே வாய்ப் புற்றுநோய்க்காரர்கள் அத்தனை பேர் இருக்கிறார்கள். நம் பெரிய ஆஸ்பத்திரிகள் டம்மியோடு ஒரு முறையான சோதனை நடத்தினால் மைத்துனரை நானே கூட்டிக்கொண்டு போவேன். அளப்பதற்குப் பெரிய லேப் வேண்டாம். மெல்லாமல் பேசாமல் 15 நிமிஷம் ஒரு அளவுக் கிண்ணத்தில் துப்ப வேண்டும். ஒன்றரை மில்லிக்கு மேல் தேறாவிட்டால் சுரப்பு குறைவு. இவ்வளவு சுலபமானதைக்கூட நம் கிளினிக்குகளில் யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

மைத்துனரிடம் மூன்று கேள்வி எழுதிக் கொடுத்தேன். டம்மியோடு சோதித்தீர்களா? என்னைப் போல ரேடியேஷன் எடுத்தவர்களிடம் சோதித்தீர்களா? பலன் எத்தனை மாதம் நின்றது? பேஸ்மேக்கர் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் இதன் பக்கமே போகக் கூடாது என்பதையும் சொன்னேன். நல்லவேளை, அவருக்கு அது இல்லை.

விற்பவர் இதுவரை பதில் போடவில்லை. தள்ளுபடி விலை மட்டும் இரண்டு தடவை அனுப்பியிருக்கிறார்.