‘இயற்கை’ என்று எழுதியிருந்தால் போதுமா?

மாணவர்களே, முதலில் என் தவறு ஒன்றை உங்களிடம் ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் படிவம் 4 மாணவி ஒருத்தி சிறிய டப்பா ஒன்றை என் மேசைமேல் வைத்து, “டீச்சர், இது ஷியா வெண்ணெய். முகத்துக்குப் போடலாமா?” என்று கேட்டாள். நான் பயிற்சிப் புத்தகங்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமலே, “இயற்கையானதுதானே, போடும்மா” என்று சொல்லிவிட்டேன். மூன்று வாரம் கழித்து அவள் முகக்கவசத்தோடு வகுப்புக்கு வந்தாள். நெற்றியிலும் கன்னத்திலும் பருக்கள். டப்பாவைத் திருப்பிப் பார்த்தபோதுதான், அதில் கொக்கோ வெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் கலந்திருப்பது எங்களுக்குத் தெரிந்தது.

பருவுக்கு அந்த டப்பாதான் காரணம் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. உங்கள் வயதில் ஹார்மோன்களின் தூண்டுதலால் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் எப்படியும் அதிகம் சுரக்கும். ஆனால், ஓர் அறிவியல் கேள்விக்கு நான் அறிவியல் பதில் சொல்லவில்லை என்பது மட்டும் உறுதி. அந்தப் பதிலை இப்போது சொல்கிறேன்.

தாவர வெண்ணெய் என்பது கொட்டைகளிலும் விதைகளிலும் இருந்து எடுக்கப்படும் கொழுப்பு. ஆப்பிரிக்காவின் ஷியா மரம், கொக்கோ, மாங்கொட்டைப் பருப்பு ஆகியவற்றிலிருந்து கிடைப்பவை கடைகளில் அதிகம் தென்படும். எண்ணெய்க்கும் இதற்கும் உள்ள முதன்மையான வேறுபாடு உருகுநிலைதான். இவற்றில் ஸ்டியரிக் அமிலம் போன்ற நிறைவுற்ற கொழுப்பமிலங்கள் மிகுதி. அவற்றின் நேரான சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கிக்கொள்வதால் கொழுப்பு கெட்டியாக இருக்கும். ஓலியிக் அமிலத்தின் சங்கிலி நடுவில் வளைந்திருப்பதால் அப்படி அடுங்காது. அது மிகுந்தால் கொழுப்பு இளகும். கொக்கோ வெண்ணெய் ஏறத்தாழ 34 முதல் 38 டிகிரி செல்சியஸில் உருகும். வாயில் போட்ட சாக்லெட் கரைவதும், கையில் தேய்த்த வெண்ணெய் இளகுவதும் இதனால்தான்.

நம் நாட்டிலும் ஒரு தாவர வெண்ணெய் உண்டு. சரவாக் காடுகளில் வளரும் எங்காபாங் மரத்தின் கொட்டையிலிருந்து எடுப்பது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் அது மொத்தமாகக் காய்க்கும். இபான் மக்கள் அதன் கொழுப்பை மூங்கில் குழாயில் ஊற்றி உறையவைத்து, சூடான சோற்றின்மேல் சீவிப்போட்டு உண்பார்கள். உலகச் சந்தையில் இதற்கு ‘இல்லிப்பே’ என்று பெயர். எங்கோ கேட்ட பெயராக இருக்கிறதா? நம் இலுப்பையேதான்! தமிழ்நாட்டில் கோயில் விளக்குக்கு எண்ணெய் தந்த இலுப்பையின் பெயர், வணிகத்தில் போர்னியோ மரத்துக்கும் ஒட்டிக்கொண்டது. ஆனால், இலுப்பை ‘மதுகா’ பேரினம். எங்காபாங் ‘ஷோரியா’ பேரினம். இரண்டும் வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. அறிவியல் பெயரை ஏன் மனப்பாடம் செய்யச் சொல்கிறோம் என்று இனி யாரும் என்னைக் கேட்க வேண்டாம்.

சரி, இந்த வெண்ணெய் தோலில் என்ன செய்கிறது? நீராவிப்போக்குப் பாடத்தில் இலையின் அடிப்பக்கம் பெட்ரோலியம் ஜெல்லி பூசினோமே, நினைவிருக்கிறதா? இலை நீரை இழப்பது குறைந்தது. தோலிலும் அதே கதைதான். வெண்ணெய் ஒரு படலமாகப் படர்ந்து, நீர் ஆவியாவதைக் குறைக்கிறது. தூய வெண்ணெயில் நீர் ஏறக்குறைய இல்லை; ஆகவே அது தோலுக்கு நீர் தருவதில்லை, இருக்கும் நீரைக் காக்கிறது. குளித்து முடித்ததும் ஈரம் முழுதாகக் காய்வதற்குள் பூசச் சொல்வது இதனால்தான். குளிரூட்டி அறையில் நாள் முழுதும் இருந்து வறண்ட கை கால், வெடித்த குதிகால், உதடு ஆகியவற்றுக்கு இது நல்ல துணை. முடிக்கும் அப்படியே. சுருள்முடியும் வறண்ட முடிநுனியும் உள்ளவர்களுக்குச் சிறிதளவு உதவும். நேரான, சீக்கிரம் எண்ணெய் வடியும் முடியில் பூசினால் பிசுபிசுப்புதான் மிஞ்சும்.

ஆக, தாவர வெண்ணெய் வேண்டாம் என்பது என் வாதமன்று. ‘இயற்கை’ என்ற ஒரு சொல்லைப் பார்த்ததும் நாம் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறோமே, அதைத்தான் எதிர்க்கிறேன்.

‘ரசாயனம் அறவே இல்லை’ என்று விளம்பரம் செய்கிறார்கள். ஸ்டியரிக் அமிலம் ரசாயனம் இல்லையா? தண்ணீரும் ரசாயனம்தானே? எலுமிச்சைச் சாறும் இயற்கைதான்; அதைத் தோலில் தடவிக்கொண்டு வெயிலில் நின்றால் கொப்புளம் வரலாம். ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்பதோடு, அது என்ன, எவ்வளவு, யாருடைய தோலில் என்பதையும் கேட்க வேண்டும்.

கொக்கோ வெண்ணெய் தோலில் விழும் வரித்தழும்பைத் தடுக்கும் என்பார்கள். கர்ப்பிணிப் பெண்களிடம் நடந்த ஆய்வுகளில், அது சாதாரணக் களிம்பைவிடக் கூடுதலாக எதையும் தடுக்கவில்லை. ஷியா வெண்ணெய் வெயிலைத் தடுக்கும் என்பார்கள். அதை நம்பி விளையாட்டுப் போட்டி நாளில் சன்ஸ்கிரீன் இல்லாமல் திடலில் நிற்காதீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பள்ளி விற்பனை நாளில் சில மாணவர்கள் ஷியா வெண்ணெயோடு கற்றாழைச் சாற்றை அடித்துக் கலந்து, ‘பாதுகாப்புப் பொருள் சேர்க்கப்படவில்லை’ என்று பெருமையாக எழுதி விற்றார்கள். இரண்டு வாரத்தில் டப்பாவுக்குள் பூஞ்சை. கொழுப்பில் மட்டும் நுண்ணுயிர்கள் எளிதில் பெருக முடியாது. நீர் சேர்ந்ததும் அவற்றுக்கு விருந்துதான்! நீர் கலந்த களிம்புக்குப் பாதுகாப்புப் பொருள் தேவை. அதைச் சேர்க்காமல் விடுவது நற்குணம் அன்று, ஆபத்து. மலேசியாவில் அழகுப் பொருளை விற்குமுன் என்.பி.ஆர்.ஏ. எனும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்திடம் அறிவித்து எண் பெற வேண்டும். அந்த எண் தரச் சான்றிதழ் அன்று. ஆனால், ஏதேனும் நேர்ந்தால் யாரைக் கேட்பது என்பதாவது தெரியும்.

நீங்கள் செய்யக்கூடியவை எளியவை. டப்பாவைத் திருப்பிப் பொருள் பட்டியலைப் படியுங்கள். முழங்கையின் உட்பக்கத்தில் சிறிது பூசி இரண்டு மூன்று நாள் கவனியுங்கள். பரு வரும் முகமாக இருந்தால் கொக்கோ வெண்ணெயையும் தேங்காய் எண்ணெயையும் முகத்தில் பூச வேண்டாம். பரு நிற்காவிட்டால் கிளினிக்குக்குப் போங்கள். காரில் உருகிய வெண்ணெய் மறுபடி உறையும்போது மணல்போல் நறநறக்கலாம்; அது கெட்டுப்போனதன் அடையாளம் அன்று. பழைய எண்ணெய்போல் சிக்கு வாடை வந்தால் கெட்டுவிட்டது, எறிந்துவிடுங்கள்.

நம்பிக்கை வரவில்லையா? ஒரே எடையுள்ள இரண்டு ஆப்பிள் துண்டுகளை எடுங்கள். ஒன்றின்மேல் வெண்ணெயைப் பூசி இரண்டையும் மீண்டும் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் நிறுத்து, எது எவ்வளவு எடை இழந்தது என்று பாருங்கள். விளம்பரம் சொல்லாததைத் தராசு சொல்லும்.

அந்த மாணவியிடம் பிறகு மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லை டீச்சர், மீதியைக் குதிகாலுக்குப் போடுறேன், நல்லாயிருக்கு” என்றாள். இப்போதெல்லாம் யாராவது டப்பாவோடு வந்தால், நான் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறேன். இருவரும் சேர்ந்து முதலில் பின்பக்கத்தைப் படிக்கிறோம்.