தமிழ் யார் படிக்க வேண்டும்?

காட்டுப்பள்ளி, மீஞ்சூர், எண்ணூர், திருவொற்றியூர் ஆகிய இடங்களில் இப்பொழுது டீக்கடையிலும், பஸ்ஸிலும், தொழிற்சாலை வாசலிலும் ஒரு பேச்சு பலமாக நடந்து வருகின்றது. அதாவது, "வடக்கேயிருந்து ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்து இங்கே வேலை செய்கின்றார்கள்; நம் ஊர்ச் சோற்றைத் தின்கின்றார்கள்; ஆனால் நம் பாஷையில் நாலு வார்த்தை பேசத் தெரியவில்லை; தமிழ் படிக்காதவனுக்கு இங்கே என்ன வேலை?" என்பதாகும். இந்தப் பேச்சில் நம் இயக்கத் தோழர்கள் சிலரும் கலந்து கொள்ளுவதால், இதைப்பற்றி நமது அபிப்பிராயத்தைச் சற்று விளக்கமாகவே சொல்ல ஆசைப்படுகின்றோம்.

தமிழ்நாட்டில் பிழைக்க வந்தவர்கள் தமிழ் கற்றுக்கொள்ளுவது நல்லதா என்றால், நல்லதுதான், அவசியமுங்கூட. இதில் இரண்டு அபிப்பிராயம் இருக்க நியாயமில்லை. ஆனால் இதை நாம் தமிழ்த் தாய்க்குச் செய்ய வேண்டிய அர்ச்சனை என்று நினைத்துக்கொண்டு சொல்லவில்லை. பாஷை என்பது சாமியும் அல்ல, தாயும் அல்ல. ஒரு மனிதன் மற்றொரு மனிதனுக்குத் தன் கருத்தைத் தெரிவிக்கவும், தன் கூலியைக் கேட்டு வாங்கவும், தன்னை ஏமாற்ற வந்தவனை "ஏன்?" என்று கேட்கவும் பயன்படும் கருவியேயாகும். அந்தக் கருவி கையில் இல்லாதவன் யாரிடம் வேலை செய்தாலும் அடிமையாகத்தான் இருப்பான். ஆகவே வந்தவன் தமிழ் படிக்க வேண்டும் என்று நாம் சொல்லுவது முதலில் அவனுடைய நன்மைக்காகவேயாகும். அப்படியானால், அவன் படிக்கவில்லை என்ற குற்றத்தை யார் தலையில் சுமத்துவது என்பதுதான் இப்போது கேள்வி.

சென்ற 2025-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் நடந்த இரண்டு காரியங்களைத் தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அம்மாதத் துவக்கத்தில், காட்டுப்பள்ளியில் வேலை செய்து வந்த உத்தரப் பிரதேசத் தொழிலாளி ஒருவர் தங்கியிருந்த இடத்தில் தவறி விழுந்து இறந்தார். அவர் குடும்பத்திற்கு நஷ்டஈடு வேண்டுமென்று கூடிய தொழிலாளிகளுக்கும் போலீசாருக்கும் கலகம் மூண்டு, கல்லெறியும், கண்ணீர்ப் புகையும், கைதும் நடந்தன. அதே மாதம் 30-ந் தேதி, எண்ணூர் அனல் மின் நிலையத்துக் கட்டுமான வேலையில் சாரம் சரிந்து 9 தொழிலாளிகள் மாண்டு போனார்கள். அவர்கள் அசாம் தேசத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

பாஷை தெரியாததால்தான் இவர்கள் செத்தார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. சாரம் சரிந்தால் எந்தப் பாஷை பேசுகிறவனும் சாவான். ஆனால், நியாயம் கேட்கப் போகிறவன் யாரிடம் எந்தப் பாஷையில் கேட்பது? போலீஸ் அதிகாரிக்கு அவன் பேச்சுப் புரியவில்லை. அதிகாரியின் பேச்சு அவனுக்குப் புரியவில்லை. வாய் இருந்தும் ஊமையானவன் என்ன செய்வான்? கல்லை எடுப்பது சரி என்று நாம் சொல்லவில்லை. ஆனால் பேச வழி இல்லாத இடத்தில் முதலில் எழுவது கூச்சல், அடுத்தபடி எழுவது கல் என்பதை அறிவுள்ளவர்கள் உணர வேண்டாமா?

சரி, இத்தனை மாதம், இத்தனை வருஷம் இங்கே இருந்தும் அவனுக்குத் தமிழ் வரவில்லையே, ஏன்? இராயபுரத்தில் பார்சிக்காரர்கள் இருக்கின்றார்கள். அவர்கள் கோயில் 1910-ல் கட்டப்பட்டது. சௌகார்பேட்டையில் மார்வாடி சேட்டுகள் இருக்கின்றார்கள். இவர்கள் தமிழ் பேசவில்லையா? வட்டிக்கணக்குச் சொல்லும்போது சேட்டு பேசுகிற தமிழ் நம்மைவிடச் சுத்தமாகவே இருக்கின்றது! இவர்களுக்கு யார் பரீட்சை வைத்தார்கள்? ஒருவரும் வைக்கவில்லை. நம்மோடு கொடுக்கல் வாங்கல் இருந்தது, தெருவில் குடியிருந்தார்கள், பாஷை தானாகவே வந்து விட்டது.

காட்டுப்பள்ளித் தொழிலாளியின் சங்கதி அப்படியா? அவன் இருப்பது ஊருக்கு வெளியே தகரக் கொட்டகையில். போவது கான்ட்ராக்டர் வண்டியில். எழுந்தால் வேலை, படுத்தால் தூக்கம், பேசுவது தன் ஊர் ஆட்களோடு. வேலை முடிந்ததும் வேறிடத்துக்கு ஏற்றிக்கொண்டு போய்விடுகின்றார்கள். பாஷை காதில் விழுந்தால்தானே நாக்கில் வரும்? ஆளை வேலிக்குள் அடைத்து வைத்துவிட்டு, "இவன் தமிழ் படிக்க மாட்டேன் என்கிறான்" என்று சொல்லுவது, தீண்டப்படாதவன் என்று குளத்தில் இறங்கவிடாமல் துரத்திவிட்டு, "இவன் குளிக்காத அழுக்கன்" என்று சொன்ன பழைய வைதீகப் புரட்டுக்கு இளைத்ததா என்று கேட்கின்றோம்.

இந்த ஊமைத்தனத்தால் லாபம் யாருக்கு என்று பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். கடலும் ஆறும் கரையும் தங்களுடையவையாக இருந்த மீனவ மக்கள் விட்டுக்கொடுத்த இடத்தில் துறைமுகம் வந்தது. 2013 முதல் அங்கே கப்பல் வருகின்றது. அந்த மக்களின் பிள்ளைகள் வேலை கேட்டால், "எத்தனை மணி நேரம்? என்ன கூலி? விபத்துக்கு என்ன ஜவாப்தாரி?" என்று தமிழில் கேட்பார்கள், சங்கம் வைப்பார்கள். கேட்கத் தெரியாத ஆள் வேண்டும் என்பதற்காகவே ஆயிரம் மைலுக்கப்பாலிருந்து ஆள் கொண்டு வருகின்றார்கள். நடுவில் இரண்டு பாஷையும் தெரிந்த ஒரு தரகன் நிற்கின்றான். முதலாளி சொன்னதில் பாதியைத் தொழிலாளியிடம் சொல்லுவான்; தொழிலாளி சொன்னதில் பாதியை முதலாளியிடம் சொல்லுவான்; இரண்டு பாதியிலும் மிஞ்சியது அவன் மடியில். இவனுக்கு இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலும், மலேயா ரப்பர் தோட்டத்திலும் நம்மவர் வைத்த பேர் கங்காணி. அர்த்தம் தெரியாத மந்திரத்தைக் கேட்டுக் கும்பிடு போட்டுத் தட்சணை வைக்கிற நம்மவனுக்கும், அர்த்தம் தெரியாத காகிதத்தில் கைநாட்டு வைக்கிற இந்தத் தொழிலாளிக்கும் என்ன வித்தியாசம்? புரியாத பாஷை இருக்கிற இடத்தில் புரோகிதன் இருப்பான். கோயிலில் பூணூலோடு இருப்பான். தொழிற்சாலை வாசலில் சட்டை போட்டுக்கொண்டு இருப்பான்.

இந்த அவமானத்தையெல்லாம் நாம் அனுபவித்தவர்கள் என்பதைத் தோழர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். 1860-ல் இதே சென்னைக் கடற்கரையிலிருந்துதான் 'ட்ரூரோ' என்ற கப்பல் நம் மக்களை ஏற்றிக்கொண்டு நவம்பர் 16-ந் தேதி தென்னாப்பிரிக்காவின் நேட்டால் நாட்டில் கொண்டுபோய் இறக்கிற்று. கரும்புத் தோட்டத்துக் கூலிக்கு வெள்ளைக்காரன் பாஷைப் பரீட்சை வைத்தானா? இல்லை. ஆனால் தன் சொந்தச் செலவில், தன் இஷ்டப்படி இந்தியர்கள் வந்து கடை வைக்கத் தொடங்கியவுடன், 1897-ல் ஒரு சட்டம் செய்தான். குடியேறுகிறவன் ஐரோப்பிய பாஷை ஒன்றில் விண்ணப்பம் எழுத வேண்டுமாம்! சர்க்கார் ஏற்பாட்டில் ஒப்பந்தக் கூலியாய் வருகிறவனுக்கு மட்டும் அந்தப் பரீட்சை கிடையாதாம்! அடிமையாய் வருகிறவன் ஊமையாய் வரலாம். சமமாய் வருகிறவன்தான் பாஷை தெரிந்து வர வேண்டும் என்றால் இதன் யோக்கியதை என்ன?

இதைப் பார்த்து ஆஸ்திரேலியா 1901-ல் ஒரு சட்டம் செய்தது. அதிகாரி ஏதாவது ஓர் ஐரோப்பிய பாஷையில் 50 வார்த்தை சொல்லுவான். வந்தவன் எழுத வேண்டும். எந்தப் பாஷை என்பது அதிகாரியின் இஷ்டம்! 1934-ல் பல பாஷை தெரிந்த எகான் கிஷ் என்ற செக் நாட்டுப் பத்திரிகைக்காரர் வந்தபோது, அவரை விடக்கூடாது என்பதற்காக ஸ்காட்லாந்து மலைவாசிகளின் கேலிக் பாஷையில் பரீட்சை வைத்தார்கள். கடைசியில் அந்நாட்டு உயர்நீதிமன்றமே இது செல்லாது என்று சொல்ல வேண்டி வந்தது. அந்தப் பரீட்சை 1958-ல்தான் ஒழிந்தது. படிப்பு வேறு, வடிகட்டும் சல்லடை வேறு என்பதற்கு இதைவிட அத்தாட்சி என்ன வேண்டும்?

பாஷையைக் கற்பதிலுங்கூட இரண்டு விதம் உண்டு. இலங்கைத் தோட்டங்களில் வெள்ளைக்காரச் சின்னத்துரைமார் தமிழ் படித்தார்கள். அவர்களுக்கென்று அச்சிட்ட ஒரு சிறு புத்தகத்தின் பேரே 'இங்கே வா' என்பதாகும். வா, போ, தூக்கு என்று கட்டளையிடுவதற்காகப் படித்த தமிழ் அது. நம்மவர்களோ அங்கே நூறு வருஷம் உழைத்தும், 1948-ல் வந்த பிரஜா உரிமைச் சட்டத்தால் சுமார் 7 லட்சம் தோட்டத் தமிழர்கள் நாடற்றவர்களாக்கப்பட்டார்கள். "இவன் நம்மவன் அல்ல" என்று ஒரு கூட்டத்தைச் சுட்டிக்காட்டும் பேச்சு எங்கே போய் முடியும் என்பதை நம்மைவிட அதிகமாக அறிந்தவர் யார்?

இந்த இடத்தில் இந்திப் பிரசாரகர்கள் உள்ளே நுழைந்து, "அதனால்தான் சொல்லுகிறோம், நீங்கள் இந்தி படித்துவிட்டால் தொல்லை இல்லையே!" என்பார்கள். பத்துப் பேர் விருந்துக்கு வந்தால் வீட்டுக்காரன் வீட்டையே எழுதி வைக்க வேண்டுமா? அன்றியும், காட்டுப்பள்ளிக்கு வருகிறவர்களின் வீட்டுப் பாஷையெல்லாம் இந்தி என்று யார் சொன்னது? ஒரியாவும், வங்காளியும், அசாமியும், சந்தாலியும், போஜ்புரியும், மைதிலியும் பேசுகிறவர்கள் அவர்களில் இருக்கின்றார்கள். அவர்களை எல்லாம் 'இந்திக்காரன்' என்று நம் தோழர்கள் அழைப்பது, இந்தி ஆதிக்கக்காரன் செய்யும் புரட்டுக்கு நாமே சாட்சி சொல்லுவதாகும்.

"கட்டாய இந்தி கூடாது என்ற நீங்கள் கட்டாயத் தமிழ் கேட்கலாமா?" என்று வேறு சிலர் கேட்பார்கள். 1938-ல் ஆச்சாரியார் மந்திரிசபை நம் பிள்ளைகள் தலையில் இந்தியைக் கட்டியபோது, அதை எதிர்த்துச் சிறை சென்று 1939-ல் உயிர்விட்ட நடராசனும் தாளமுத்துவும் இதே வடசென்னை மூலக்கொத்தளத்தில்தான் புதைக்கப்பட்டிருக்கின்றார்கள். அவர்கள் எதிர்த்தது ஒரு பாஷையை அல்ல, வலுத்தவன் இளைத்தவன் தலையில் ஏற்றும் நிர்ப்பந்தத்தை என்பதே நமது கருத்து. ஆகவே கட்டாயம் எங்கே வேண்டுமென்றால், வலுத்தவன் இருக்கிற இடத்தில் வேண்டும். மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு பாங்கியிலும், ரயிலடியிலும், தபாலாபீசிலும் ஜன்னலுக்கு அந்தப்புறம் உட்கார்ந்துகொண்டு, நம் கிழவியைப் பார்த்து "இந்தி மாலூம்?" என்று கேட்கிற உத்தியோகஸ்தன் கட்டாயம் தமிழ் படிக்க வேண்டும். ஜனங்களுக்கு ஊழியம் செய்ய வந்தவன் ஜனங்கள் பாஷை தெரியாமல் என்ன ஊழியம் செய்வான்? 2019 ஜூன் மாதத்தில் தென்னக ரயில்வே, கட்டுப்பாட்டு அறையும் ஸ்டேஷன் மாஸ்டர்களும் இங்கிலீஷிலோ இந்தியிலோதான் பேசிக்கொள்ள வேண்டுமென்று உத்தரவு போட்டு, எதிர்ப்புக் கிளம்பியவுடன் வாபஸ் வாங்கியதைப் பார்த்தோம். தமிழ்நாட்டு அரசாங்கமோ 2021 டிசம்பரில் தன் உத்தியோகப் பரீட்சைகளில் தமிழ்த் தாளைக் கட்டாயமாக்கி, அதில் 100-க்கு 40 மார்க்கு வாங்கினால்தான் தேர்ச்சி என்று ஏற்படுத்திற்று. அது நியாயம். உத்தியோகஸ்தனிடம் கேட்க வேண்டியதைக் கொத்தனாரிடமும் சித்தாளிடமும் கேட்பதுதான் அநியாயம்.

அப்படியானால் தொழிலாளி தமிழ் படிக்க வழி என்ன? ஆளைக் கொண்டு வந்தவன் படிப்பையும் கொடுக்க வேண்டும். வேலை நேரத்திற்குள், கூலி குறையாமல், தினம் ஒரு மணி நேரம் தமிழ் சொல்லிக் கொடுப்பது முதலாளியின் கடமையாக்கப்பட வேண்டும். அவன் படித்து முடிக்கும் வரையில், ஒப்பந்தமும், சம்பளச் சீட்டும், அபாய அறிவிப்பும் அவனுக்குத் தெரிந்த பாஷையில் இருக்க வேண்டும். இது நம் புதுக் கற்பனையல்ல. தொழிலாளரில் பெரும்பான்மையோருக்குப் புரியும் பாஷையிலும் அறிவிப்புகள் இருக்க வேண்டுமென்று 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 108-ஆவது பிரிவே சொல்லிற்று. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் புதிய சட்டத் தொகுப்பு வந்திருக்கின்றது. சட்டத்தின் பேர் மாறலாம். படிக்க முடியாத எச்சரிக்கை எச்சரிக்கையல்ல என்ற நியாயம் மாறாது. பக்கத்து மலையாள நாட்டில் 2017 முதல் எழுத்தறிவு இயக்கத்தார் 'சங்ஙாதி', அதாவது 'தோழன்', என்று பேர் வைத்து, இப்படிப் பிழைக்க வந்தவர்களுக்கு மலையாளம் கற்பிக்கின்றார்கள். 'ஹமாரி மலையாளம்' என்று அதற்கொரு பாடப் புத்தகமும் உண்டு. மலையாளிக்கு முடிந்தது நமக்கு முடியாதா?

சர்க்காரும் முதலாளியும் செய்யட்டும் என்று நாம் கையைக் கட்டிக்கொண்டிருக்கவும் வேண்டியதில்லை. மீஞ்சூரிலும் அத்திப்பட்டிலும் எண்ணூரிலும் உள்ள நம் தோழர்கள், வாரத்தில் ஒரு நாள், ஒரு விளக்கும் ஒரு கரும்பலகையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும். முதல் பாடம் 'வா, போ, தூக்கு' என்று இருக்கக் கூடாது. "கூலி எவ்வளவு?", "சீட்டுக் கொடு", "இது ஆபத்து, ஏற மாட்டேன்", "அடிபட்டுவிட்டது", "சங்கம் எங்கே இருக்கிறது?" என்பவைதான் முதல் பாடமாக இருக்க வேண்டும். அவனை "டேய்" என்று கூப்பிடுகிற வாயால் தமிழ் கற்பிக்க முடியாது. "வாங்க" என்று கூப்பிட்டால் அந்த ஒரு வார்த்தையிலேயே பாதித் தமிழ் வந்துவிடும். அவன் பாஷையில் நாலு வார்த்தை நாமும் கற்றுக்கொண்டால் நம் மானம் ஒன்றும் போய்விடாது.

அவன் தமிழ் பேசத் தொடங்குகிற அன்றைக்குக் குறைந்த கூலி ஆள் என்ற பேர் அவனுக்குப் போய்விடும். அன்றைக்குத்தான் நம் ஊர்ப் பிள்ளையின் கூலியும் நிமிரும். இதைக் கண்டு பயப்பட வேண்டியவன் கான்ட்ராக்டர், நாமல்ல. ஆதலால், "தமிழ் தெரியாதவனே, வெளியே போ" என்ற பேச்சை விட்டுவிட்டு, "தோழரே, வாங்க, உட்காருங்க, படிக்கலாம்" என்ற காரியத்தைத் தொடங்கும்படி காட்டுப்பள்ளித் தோழர்களைக் கேட்டுக்கொள்ளுகின்றோம்.