கணக்கில் மறையும் தொழிலற்றோர்

நாட்டின் பொருளாதாரம் நிலைகுலைந்த 2022 ஆம் ஆண்டில் இலங்கையின் தொழிலின்மை வீதம் 4.7 சதவீதமாகப் பதிவாகியது. 2023 ஆம் ஆண்டிலும் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் அதே 4.7 சதவீதத்தையே அறிவித்தது. கடவுச்சீட்டுக்காக இளைஞர்கள் வரிசையில் காத்துநின்ற காலத்தில் இவ்வெண் அசையாதிருந்தது எவ்வாறு என்ற கேள்வி எழுவது இயல்பானதே.

இதற்கான விடை, தொழிலற்றவர் யார் என்ற வரைவிலக்கணத்தில் தங்கியுள்ளது. சர்வதேச நியமங்களைத் தழுவிய தொழிற்படை அளவீட்டில், குறித்த வாரத்தில் ஒரு மணித்தியாலமேனும் வேலை செய்தவர் தொழில்புரிபவராகவே கொள்ளப்படுகின்றார். தந்தையின் கடையில் சம்பளமின்றி உதவிய பட்டதாரியும் இதில் அடங்குவார். மறுபுறத்தில், வேலையின்றி இருந்தும் முந்திய நான்கு வாரங்களில் வேலை தேடாதவர் தொழிற்படைக்கு வெளியே வைக்கப்படுகின்றார். அலைந்து களைத்துத் தேடலைக் கைவிட்டவர், தொழிலற்றோர் கணக்கிலிருந்தே மறைந்துபோகின்றார்.

2022 இல் 49.8 சதவீதமாக இருந்த தொழிற்படைப் பங்கேற்பு, 2023 இல் 48.6 சதவீதமாகக் குறைந்தமை இங்கு கவனிக்கத்தக்கது. விலகியோரில் மனம் சோர்ந்தவர் எத்தனை பேர், கல்விக்கோ குடும்பப் பொறுப்புக்கோ திரும்பியவர் எத்தனை பேர் என்பதை இவ்வீதங்கள் கூறமாட்டா. ஒரே நபரைக் காலத்துக்குக் காலம் சந்தித்து, அதே வினாக்களைத் தொடுத்தாலே அது புலப்படும். அமெரிக்காவின் மாதாந்த அளவீட்டில் ஒரு குடும்பம் நான்கு மாதங்கள் தொடர்ச்சியாகவும், எட்டு மாத இடைவெளியின் பின்னர் மீண்டும் நான்கு மாதங்களும் விசாரிக்கப்படுகின்றது.

எனினும், 'நீர் தொழிலற்றவரா' என்று கேட்பதால் மட்டும் பயனில்லை. அறுவடை முடிந்து கூலியின்றி இருக்கும் அம்பாறைத் தொழிலாளியோ, கடல் கொந்தளிக்கும் நாட்களில் கரையில் தங்கும் முல்லைத்தீவு மீனவரோ தம்மை அவ்வாறு கருதுவதில்லை. செய்த வேலை, தேடிய முயற்சி, வேலைக்கான தயார்நிலை ஆகிய மூன்றையும் தனித்தனியே வினவியே ஒருவரது நிலையைத் தீர்மானிக்க வேண்டும். காலம் தாழ்த்திக் கேட்டால், குறுகியகால வேலையிழப்பைப் பலர் மறந்தும் விடுவர்.

சில மாதங்கள் வேலையிழந்து மீள்பவருக்குத் தற்காலிக நிவாரணம் போதுமானது. ஆண்டுக்கணக்கில் வேலையற்றிருப்பவருக்கோ பயிற்சியும் புதிய தொழில் வாய்ப்பும் அவசியம். இவ்விருவரையும் பிரித்தறியாத திட்டம் இருவருக்கும் உதவாது. யுத்த ஆண்டுகள் பெரும்பாலானவற்றில் வடக்கு, கிழக்கு மக்கள் இவ்வளவீட்டில் முழுமையாக இடம்பெறவில்லை. அன்று பிரதேசத்தால் விடுபட்டோர், இன்று வரைவிலக்கணத்தால் விடுபடலாகாது என்பதைச் சம்பந்தப்பட்டோருக்குச் சுட்டிக்காட்ட விரும்புகின்றோம்.