பிள்ளைகள் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும்!

காலை எட்டு மணிக்கு வெள்ளானூர்ச் சாலையோரம் சிறிது நேரம் நின்று பாருங்கள். மூன்று பேருக்கென்று செய்த ஆட்டோவில் டிரைவருக்கு இருபுறமும் இரண்டு பிள்ளைகள். பின்னால் மடிமேல் மடியாக ஏழெட்டுப் பிள்ளைகள். வெளியே புத்தகப் பைகள் தொங்குகின்றன. அடுத்து ஒரு மோட்டார் சைக்கிள். பெட்ரோல் டாங்கின் மேல் ஒரு குழந்தை, நடுவில் ஒரு குழந்தை, பின்னால் தாய், அவள் கையில் பச்சைக் குழந்தை. அதற்குப் பின்னால் நாற்று நடவுக்கும் செங்கல் சூளைக்கும் ஆள் ஏற்றிப் போகும் ‘குட்டி யானை’. நின்றுகொண்டே போகும் பெண்களின் காலடியில் அவர்களுடைய பிள்ளைகள். ஒரு காரும் போகிறது. முன் சீட்டில் தகப்பன் மடியில் குழந்தை, பெல்ட் கிடையாது.

இது நமக்குப் பழகிப்போன காட்சி. பழகிப்போனதுதான் ஆபத்து!

“கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் போதும்” என்று நாம் நினைக்கிறோம். போதாது. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி எதன் மீதாவது மோதி நின்றால், உள்ளே இருப்பவர் ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாம் மாடியிலிருந்து, விழுவதற்கு அது சமம். அந்தக் கணத்தில் 10 கிலோ எடையுள்ள குழந்தை 200 கிலோவுக்கு மேற்பட்ட பாரமாக முன்னே பாயும். செங்குன்றம் அரிசி ஆலையில் நாள் முழுதும் மூட்டை சுமக்கிற தோழருக்குத் தெரியும், 200 கிலோ என்றால் எத்தனை மூட்டை என்று. அதைக் கைகளால் பிடித்து நிறுத்த எந்தத் தாயாலும் முடியாது. அவள் பாசத்தில் குறையில்லை; கையின் பலத்துக்கு எல்லை உண்டு.

இதற்கு மாற்று இல்லாமலில்லை. இன்று எல்லாக் கார்களிலும் இருக்கும் மூன்று முனை பெல்ட்டை 1959லேயே ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் நீல்ஸ் போலின் வடிவமைத்துவிட்டார். அந்தக் காப்புரிமையை மற்றக் கம்பெனிகளும் பயன்படுத்திக்கொள்ள வழி திறந்துவிடப்பட்டது. ஆனால் பெரியவர் உடம்புக்குச் செய்த பெல்ட் சிறு குழந்தையின் கழுத்திலும் வயிற்றிலும் ஏறும். ஆகவேதான் குழந்தைக்குத் தனி இருக்கை வேண்டும். வளர்ந்த பிள்ளைக்கு, உயரம் எட்டும் வரை, உயர்த்தி உட்கார வைக்கும் இருக்கை வேண்டும்.

பின் சீட்டில் பெல்ட் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 2022 செப்டம்பர் 4ம் தேதி மகாராஷ்டிரத்தில் பால்கர் அருகே பெருமுதலாளி சைரஸ் மிஸ்திரி விலையுயர்ந்த காரில் பின் சீட்டில் மாண்டார். பக்கத்தில் இருந்தவரும் மாண்டார். இருவரும் பெல்ட் போட்டிருக்கவில்லை. முன் சீட்டில் இருந்த இருவர் காயங்களோடு பிழைத்தனர். கோடிகள் அவரைக் காக்கவில்லை. அதன் பிறகுதான் டில்லி சர்க்காருக்குப் பின் சீட் பெல்ட்டின் நினைவு பலமாக வந்தது.

நம் பிள்ளைகள் மாண்ட கதை இதற்கு முந்தியது. 2012 ஜூலை 25ல் தாம்பரம் அருகே முடிச்சூரில், இரண்டாம் வகுப்புப் படித்த சிறுமி ஒருத்தி பள்ளி பஸ்ஸின் தரையில் இருந்த ஓட்டை வழியே சாலையில் விழுந்து, அதே பஸ்ஸின் சக்கரத்தில் நசுங்கினாள். ஓடத் தகுதியானது என்று சான்றிதழ் பெற்ற பஸ் அது! சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டே பள்ளி பஸ்களுக்குத் தனி விதிகள் வந்தன. உதவியாள் வேண்டும், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வேண்டும், முதலுதவிப் பெட்டி வேண்டும் என்றெல்லாம் எழுதப்பட்டது.

பத்தாண்டு கழித்து, 2022 மார்ச் 28ல் சென்னை ஆழ்வார்திருநகரில் பள்ளி வளாகத்துக்குள்ளேயே, வேனில் மறந்துவிட்ட பொருளை எடுக்கத் திரும்பி வந்த இரண்டாம் வகுப்புச் சிறுவன்மேல் அந்த வேனே ஏறியது. 2025 ஜூலை 8ல் கடலூர் செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் மாண்டனர். சிக்னலோடு இணைக்கப்படாத ரயில்வே கேட் அது. விதி காகிதத்தில் இருந்தால் போதுமா? அதை நடத்திவைக்க ஆள் வேண்டாமா? செலவு செய்ய மனம் வேண்டாமா?

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். 2019ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி, 14 வயதுக்குட்பட்ட குழந்தையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம். அளவுக்கு மேல் ஏற்றும் ஒவ்வோர் ஆளுக்கும் 200 ரூபாய் அபராதம். 2022ல் வந்த விதிப்படி, மோட்டார் சைக்கிளில் ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைக்கு ஹெல்மெட் வேண்டும். ஓட்டுபவரோடு சேர்த்துப் பிணைக்கும் பட்டை வேண்டும். 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. நல்ல சட்டங்கள்தான். நாம் எதிர்க்கவில்லை.

ஆனால் ஒரு கேள்வி கேட்கிறோம். ஆட்டோவில் பத்துப் பிள்ளைகளை ஏற்றினால் டிரைவருக்கு அபராதம். அந்தப் பத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்தில் போதுமான பஸ் விடாத அதிகாரிகளுக்கு என்ன அபராதம்? கூலியாட்களைச் சரக்கு வண்டியில் ஏற்றிவரச் சொல்லும் காண்ட்ராக்டருக்கு என்ன அபராதம்? அம்பத்தூர்ப் பட்டறைகளில் கார்களுக்கு உதிரிப் பாகம் செய்வது நம் கைகள். ஆவடியில் போர் டாங்கிகள் செய்வதும் நம் கைகள். அந்தக் கைகளுக்குச் சொந்தமான பிள்ளைகள் மட்டும் ஆட்டோக் கம்பியைப் பிடித்துத் தொங்க வேண்டுமா?

“பெற்றோரின் அலட்சியம்” என்று சொல்லித் தப்பிக்கிறார்கள். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டால் அரை நாள் கூலி போய்விடும் என்கிற தகப்பன் கிடைத்த வண்டியில்தான் பிள்ளையை ஏற்றுவான். ஆட்டோ டிரைவரும் நம் வர்க்கத்துத் தொழிலாளிதான். வண்டிக் கடன் தவணையும் டீசல் விலையும் அவர் கழுத்தை நெரிக்கின்றன. ஐந்து பிள்ளைகளோடு போனால் அவருக்குக் கட்டுப்படியாகாது; கட்டணம் கூட்டினால் நமக்குக் கட்டுப்படியாகாது. இந்த இரு ஏழைகளுக்கும் இடையே குழந்தையின் உயிர் தொங்குகிறது. ஆகவே டிரைவரோடு சண்டை போடுவதில் பயனில்லை. அவரையும் சேர்த்துக்கொண்டு கேட்க வேண்டியவர்களிடம் கேட்க வேண்டும்.

இதனால் நம்மீது பொறுப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. கோரிக்கை நிறைவேறும் வரை குழந்தை காத்திருக்க முடியாது. இன்றே நாம் செய்யக் கூடியவை உண்டு. பெட்ரோல் டாங்கின் மேல் குழந்தையை உட்கார வைக்காதீர்கள். கல்யாணத்துக்கோ திருத்தணிக்கோ வாடகைக் கார் பிடித்தால், பெல்ட் உள்ள இடங்களுக்கு மேல் ஆள் ஏற்றாதீர்கள். குழந்தைகள் பின் சீட்டில் இருக்கட்டும். ஒரே பெல்ட்டுக்குள் தாயையும் குழந்தையையும் சேர்த்துக் கட்டாதீர்கள். மோதினால் தாயின் எடை குழந்தையை நசுக்கிவிடும். நிறுத்திய காரில், ஜன்னல் மூடிய நிலையில், ஐந்து நிமிஷம்கூடக் குழந்தையைத் தனியே விடாதீர்கள். நம் வெயிலில் அது அடுப்பு. வேன் பின்னால் எடுக்கும்போது யாராவது ஒருவர் இறங்கி நின்று பார்க்கட்டும். தெருவுக்கு நான்கு பெற்றோர் சேர்ந்து வண்டியின் தரை, கதவு, டயர் ஆகியவற்றை மாதம் ஒருமுறை பார்க்கலாம். முடிச்சூர் ஓட்டையைக் கண்டுபிடிக்க இன்ஸ்பெக்டர் வேண்டியதில்லை; குனிந்து பார்க்கும் கண் போதும்.

அதே நேரத்தில் சர்க்காரிடம் வற்புறுத்துகிறோம்:

பள்ளி தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் வெள்ளானூர் போன்ற ஊர்களுக்கு ஆவடியிலிருந்தும் செங்குன்றத்திலிருந்தும் போதுமான பஸ்களை விடு! சீருடைப் பிள்ளைக்கு இலவசப் பயணம் உண்டு. ஏறுவதற்கு பஸ்ஸில் இடமும் வேண்டும்.

பள்ளி எட்டாத குடியிருப்புகளிலும் சூளைகளிலும் உள்ள பிள்ளைகளுக்குச் சர்க்கார் செலவில் வேன் ஏற்பாடு செய்!

பள்ளி வண்டிச் சோதனையை ஆண்டுக்கொரு சடங்காக்காமல், பெற்றோர் பிரதிநிதிகள் முன்னிலையில் ஆண்டு முழுதும் நடத்து!

கூலியாட்களைச் சரக்கு வண்டியில் ஏற்றிச் செல்லும் காண்ட்ராக்டர்மீது வழக்குப் போடு! டிரைவரோடு நிறுத்தாதே!

இந்திய நாட்டுச் சாலைகளில் 2022ல் மட்டும் 1,68,491 பேர் மாண்டதாக மத்திய சர்க்காரின் கணக்கே சொல்கிறது. உலகில் 5 வயது முதல் 29 வயது வரையுள்ளவர்களின் சாவுக்குச் சாலை விபத்துதான் முதற் காரணம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதைத் தலைவிதி என்று சொல்லாதீர்கள். ஓட்டை விழுந்த தரையும், போதாத பஸ்ஸும், இணைக்கப்படாத கேட்டும் மனிதர் செய்தவை. மனிதரால் மாற்றக் கூடியவை.

காலையில் கையசைத்துவிட்டுப் போகிற பிள்ளை மாலையில் வீடு திரும்ப வேண்டும். கார்க்காரர் பிள்ளையும் திரும்ப வேண்டும். களையெடுப்பவள் பிள்ளையும் திரும்ப வேண்டும். இதைக் கேட்பது சலுகை அல்ல. உரிமை!