மேலே போகாத மாற்றல் உத்தரவு

முப்பது வருடம் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் தமிழாசிரியராக இருந்தேன். மாற்றல் கவுன்சிலிங் எனக்குப் பழக்கம். சீனியாரிட்டி பட்டியலை முதலில் வெளியிடுவார்கள். தப்பு இருந்தால் ஆட்சேபம் சொல்ல நாள் கொடுப்பார்கள். எந்தப் பள்ளி வேண்டும் என்று நாமே எழுதிக் கொடுக்கலாம். 2023 டிசம்பர் முதல் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் கட்சி தன் எம்.எல்.ஏ.க்களுக்குப் பட்டியல் பட்டியலாக மாற்றல் போட்டபோது இதில் ஒன்றுகூட இல்லை.

சித்தூர் கட்டமஞ்சியில் எங்கள் தெரு டீக்கடையில் ஜனவரி முழுக்க அதே பேச்சு. எங்கள் சிட்டிங் எம்.எல்.ஏ. ஆரணி சீனிவாசுலுவுக்கு டிக்கெட் இல்லை, விஜயானந்த ரெட்டிதான் புது இன்சார்ஜ். சத்தியவேடு எம்.எல்.ஏ. ஆதிமூலத்தைத் திருப்பதி எம்.பி. தொகுதிக்குப் போகச் சொன்னார்கள், திருப்பதி எம்.பி. குருமூர்த்தியைச் சத்தியவேட்டுக்கு. பூதலப்பட்டில் எம்.எஸ். பாபுவுக்கும் டிக்கெட் இல்லை. சத்தியவேடும் பூதலப்பட்டும் தனித் தொகுதிகள். கைக்கு எளிதில் அகப்பட்டவர்களைத்தான் முதலில் தூக்கினார்கள் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

ஊருக்குப் பிடிக்காதவர்கள் என்றுதான் ஒதுக்கினார்கள். மக்களுக்குக் கோபம் இருந்ததா என்றால், இருந்தது. ஆனால் யார்மேல்? என் தாயாருக்கு மாதம் முதல் தேதி காலையிலேயே வாலண்டியர் பென்ஷனை வீட்டில் கொண்டுவந்து கொடுத்தார். நன்றியோடுதான் வாங்கினோம். ஐம்பது வீட்டுக்கு ஒரு வாலண்டியர், ஊருக்கொரு சச்சிவாலயம் (கிராமச் செயலகம்), முதல்வர் பட்டனை அழுத்தினால் நேராக வங்கிக் கணக்கில் பணம். இந்த ஏற்பாட்டில் எம்.எல்.ஏ.வுக்கு வேலையே இருக்கவில்லை. சாலை குண்டும் குழியுமாகக் கிடந்தபோது மட்டும் அவர் பெயர் ஞாபகம் வந்தது. 2022 மே மாதம் 'கடப கடபகு' என்று எம்.எல்.ஏ.க்களை வாசல் வாசலாக அனுப்பி, அங்கே கிடைத்த திட்டுகளையெல்லாம் அவரவர் கணக்கில் எழுதிக்கொண்டார்கள். சட்டசபையில் கட்சிக் கொறடாவை மீறி ஓட்டுப் போட்டால் 1985-இல் வந்த கட்சித் தாவல் சட்டப்படி பதவி போய்விடும். வாயையும் கட்டிவிட்டு, ஊருக்கு நீ என்ன செய்தாய் என்று கேட்பது நியாயமில்லை.

2024 சட்டசபைத் தேர்தல் முடிவு எல்லோரும் பார்த்ததுதான். சீனிவாசுலு மார்ச்சில் ஜனசேனாவில் சேர்ந்து திருப்பதியில் நின்றார். சித்தூர்க்காரருக்கு எப்படிக் கொடுக்கலாம் என்று அங்கே கூட்டணிக்குள்ளேயே எதிர்ப்பு. நியாயமான எதிர்ப்புதான், திருப்பதிக்காரர்களையும் யாரும் கேட்கவில்லை. ஆனாலும் 60,000 ஓட்டுக்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். 2019-இல் ஆயிரம் ஓட்டுகூட வித்தியாசம் வராத தொகுதி அது. சித்தூரில் விஜயானந்த ரெட்டி தோற்றார். ஆதிமூலம் தெலுங்கு தேசத்துக்குப் போய் அதே சத்தியவேட்டில் ஜெயித்தார். ஊருக்குப் பிடிக்காதவர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் சின்னம் மாறியதும் ஜெயிக்கிறார்கள் என்றால், ஜனங்களின் கோபம் ஆட்சிமேல் இருந்தது, ஆள்மேல் இல்லை.

அந்த ஆட்சியின் தலைவரிடம் போய் "நீங்கள் கொஞ்சம் ஒதுங்குங்கள்" என்று சொல்ல ஒருவர் இருந்தாரா? 2022 ஜூலையில் நடந்த பிளீனரியில் ஜெகன்மோகன் ரெட்டியை வாழ்நாள் தலைவராக்கினார்கள். அது செல்லாது என்று சொல்லத் தேர்தல் ஆணையம்தான் வரவேண்டியிருந்தது. நம் தேர்தல் நடந்த அதே ஆண்டில், 2024 ஜூலை 21 அன்று, அமெரிக்காவில் பைடன் போட்டியிலிருந்து விலகினார். அவர் ஜெயிக்க மாட்டார் என்று அவருடைய கட்சிப் பெரியவர்களே வாரக்கணக்கில் நெருக்கினார்கள். அங்கே நெருக்கடி கீழேயிருந்து மேலே போனது. இங்கே அது கீழே மட்டும்தான் இறங்குகிறது.

நம் மாநிலம் இதை முன்பே அனுபவித்திருக்கிறது. 1978-க்கும் 1983-க்கும் நடுவே சென்னா ரெட்டி, அஞ்சய்யா, பவனம் வெங்கட்ராம், விஜயபாஸ்கர ரெட்டி என்று நான்கு முதல்வர்களை டெல்லி காங்கிரஸ் மேலிடம் மாற்றி மாற்றி உட்காரவைத்தது. எல்லா மாற்றமும் ஹைதராபாத்தில். முடிவெடுத்தவர்கள் டெல்லியில் பத்திரமாக இருந்தார்கள். தெலுங்கர் தன்மானம் என்று என்.டி.ஆர். புறப்பட்டு, 1982 மார்ச்சில் தொடங்கிய தெலுங்கு தேசம் கட்சியோடு பத்து மாதத்துக்குள்ளாகவே ஆட்சியைப் பிடித்தார். அந்தத் தேர்தலில் அவரை ஜெயிக்கவைத்த தொகுதிகளில் திருப்பதியும் ஒன்று.

தெலுங்கு தேசம் மட்டும் ஒழுங்கா என்று கேட்பீர்கள். அவர்கள் போனில் பதிவுசெய்த குரலை விட்டு, எந்த வேட்பாளர் வேண்டும், எண்ணை அழுத்துங்கள் என்றார்கள். எந்த ஊரில் யாருக்கு எத்தனை பேர் அழுத்தினார்கள் என்ற கணக்கு ஜனங்களுக்கு வரவில்லை. 100 ரூபாய் கட்டினால் உறுப்பினர் அட்டையும் விபத்து இன்சூரன்சும் உண்டு. வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஓட்டு இல்லை.

2019-இல் பழைய சித்தூர் மாவட்டத்தின் 14 தொகுதிகளில் 13-ஐ ஜெயித்த ஒய்.எஸ்.ஆர். காங்கிரசுக்கு 2024-இல் புங்கனூரும் தம்பள்ளபல்லியும் மட்டும் மிஞ்சின. இரண்டிலும் பழைய எம்.எல்.ஏ.க்களே நின்றார்கள். மாநிலம் முழுக்க 151 பேர் 11 ஆனார்கள். 2029-க்கு இன்னும் நாள் இருக்கிறது. கட்சி அட்டை வைத்திருக்கும் சித்தூர், திருப்பதி ஜனங்களே, எந்தக் கட்சியானாலும் சரி, உங்கள் மண்டல அலுவலகத்துக்கு இப்போதே போங்கள். வேட்பாளருக்குப் பி-ஃபாரம் கொடுப்பதற்கு முன் தொகுதி உறுப்பினர்களிடம் ரகசிய ஓட்டு எடுக்கச் சொல்லுங்கள். தலைவர் பதவிக்கும் அதே பெட்டியை வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.